உப்பனாற்றில் தொங்கவிட்ட தட்டுகள்: ஒட்டிவந்த பொடி ஓட்டுடலிகளுக்குப் பெயர் தேடியது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகைக் கரையேற்றினால், அடிப்பலகையில் முதலில் கண்ணில் படுவது கொட்டலசு, அதாவது பலகையில் இறுக ஒட்டி வளரும் ஓட்டு உயிர் (பார்னக்கிள்). படகுக்காரர்களுக்கு அது ஒன்றுதான் கணக்கு. ஓட்டம் குறையும், டீசல் கூடும், சுரண்டினால்தான் வேலை ஆகும். ஆனால் சுரண்டிய குப்பையில் ஒரு கைப்பிடியை அள்ளி வாளி உப்புத்தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். சேற்றுக்குள்ளிருந்து அரிசியளவு, எள்ளளவு உயிர்கள் கிளம்பி வரும். சில துள்ளும், சில ஊரும், சில உருண்டு கிடக்கும். எல்லாமே ஓட்டுடலிகள், இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம்.

இவற்றில் உள்ளூர்க்காரர் யார், கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வந்தவர் யார் என்பதை ஆய்வுக்கூடம் இல்லாமல் எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நுண்ணோக்கி பெயரைத்தான் சொல்லும், பூர்வீகத்தைச் சொல்லாது. கால் எத்தனை, வால் எப்படி என்று பார்த்துப் பெயருக்கு வந்துவிடலாம். அந்தப் பெயர்க்காரர் இந்த ஊருக்கு வேற்றாளா என்பது ஆவணங்களைப் புரட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, பூச்சி விநோதமாக இருக்கிறது என்பதற்காகவே 'அந்நிய இனம்' என்று படம் போடுகிறவர்கள் நிறைய.

படகைச் சுரண்டிய குப்பையில் எது எப்போது ஒட்டியது என்று தெரியாது. அந்தப் படகு எங்கெல்லாம் போய் வந்ததோ யார் கண்டது. அதனால் நானே தட்டு செய்து தொங்கவிட்டேன். பிளம்பர் கடையில் துண்டாகக் கிடைக்கும் 3 மி.மீ. பிவிசி தகடு, 15 செ.மீ. சதுரமாக அறுத்தது. வழவழப்பாக விட்டால் எதுவும் சீக்கிரம் ஒட்டாது. முரட்டு உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் தேய்த்துவிட வேண்டும். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு நைலான் கயிறு கோர்த்து, கீழே ஒரு செங்கல் கட்டினால் ஆடாமல் நிற்கும். நம் கரையில் ஏற்றவற்றம் சுமார் ஒரு மீட்டர்தான். வற்றத்தின்போதும் தட்டு தண்ணீருக்குள்ளேயே இருக்கும்படி கயிற்றின் நீளத்தை வைத்துக்கொள்ளுங்கள். தட்டைப் படுக்கையாகத் தொங்கவிட்டால் மேல்பக்கம் வண்டல் படியும். நமக்கு வேண்டியது அடிப்பக்கம். பெரும்பாலான சரக்கு அங்கேதான் இருக்கும்.

ஒரு தொகுதியை உப்பனாற்றில், தெரிந்த அண்ணன் ஒருவரின் படகுத்துறைக் கம்பத்தில் கட்டினேன். இன்னொன்று புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில், அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் பக்கத்தில். இரண்டுமே கழிமுகம். அதனால் வடகிழக்குப் பருவமழையில் நல்ல தண்ணீர் புரண்டு வந்து உப்பு சரிந்துவிடும், ஒட்டியிருப்பதில் பாதி செத்து உதிரும். இந்த வேலைக்குத் தை முதல் ஆவணி வரை நல்ல காலம். அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் ஏறி நிற்கும், பழுது பார்ப்பும் பெயிண்டும் நடக்கும், தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் படகடியும் கைக்கு எட்டும்.

தட்டை எடுப்பதில்தான் சூட்சுமம். வெறுமனே தூக்கினால், தண்ணீரை விட்டு மேலே வருவதற்குள் துள்ளுகிற ஜாதி எல்லாம் குதித்து ஓடிவிடும். தண்ணீருக்குள்ளேயே பெரிய பாலித்தீன் பையைக் கீழிருந்து மேலாகப் போர்த்தி, வாயைப் பிடித்துக்கொண்டு பையோடு தூக்க வேண்டும். இரண்டு ஆள் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்ததும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சல்லடையில் வடிக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடை வேண்டும். டீ வடிகட்டி அதற்கு லாயக்கில்லை, குஞ்சுகள் எல்லாம் போய்விடும். துணியில் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் நைலான் வலைத்துணி கிடைக்கும். அதில் ஒரு துண்டு வாங்கி நான்கு அங்குல பிவிசி குழாய் வளையத்தில் இழுத்து ஒட்டினால் விலை குறைவு, உழைப்பும் உழைக்கும்.

அடுத்து மயக்கம் கொடுப்பது. இதைப் பலரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு வால் தெரியவில்லை என்று புலம்புகிறார்கள். உருளும் வகைகளை உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் சுருண்டு இறுகிச் சாகும். பிறகு ஊசியால் நெம்பினாலும் விரியாது, உடைந்துதான் வரும். நாட்டு மருந்துக் கடைக் கிராம்பு எண்ணெய் போதும். ஆனால் எண்ணெயை நேராக விட்டால் மேலே மிதக்கும். முதலில் ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு ஸ்பிரிட்டில் குலுக்கிக் கரைத்து, அந்தக் கரைசலை உப்புத்தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கால் ஆட்டம் நின்று, தொட்டாலும் அசையாத நிலை வந்ததும் எடுத்து மருந்துக் கடை ஸ்பிரிட்டில் போடலாம். மறுநாள் அந்த ஸ்பிரிட்டை ஒருமுறை மாற்றுங்கள். உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். ஃபார்மலின் பக்கம் போகவே வேண்டாம். மூக்குக்கும் கெடுதல், சுண்ணாம்பு ஓட்டையும் நாளடைவில் அரிக்கும், பின்னால் யாராவது டிஎன்ஏ பார்க்க நினைத்தாலும் வழி இருக்காது.

பார்ப்பதற்குப் பழைய ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்று கிடைத்தது, 10 முதல் 40 மடங்கு. அது இல்லாதவர்கள் கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸில் தொடங்கலாம், முதல் பிரிப்புக்கு அது போதும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பும் கைவசம் உண்டு. முழு உடம்பைப் பார்க்க அது உதவாது. காலையோ வாயுறுப்பையோ தனியாகக் கழற்றி, கிளிசரினில் கிடத்தி, கண்ணாடி மூடிப் பார்க்க அருமையான கருவி. வெளிர் நிற உயிர்களுக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். விளக்கு மேலிருந்து அடிக்க வேண்டாம், பக்கவாட்டில் சாய்ந்து வரட்டும். முதுகில் இருக்கும் புடைப்புகள் நிழலால்தான் தெரியும்.

முதல் பிரிப்பு எளிது. பக்கவாட்டில் நசுங்கி, ஒருக்களித்துப் படுத்தால் ஆம்ஃபிபாட். மேலிருந்து அமுக்கியது போல் தட்டையாகக் குப்புறக் கிடந்தால் ஐசோபாட். குழல் மாதிரி உடம்பும் முதல் காலிலேயே நண்டுக் கொடுக்கும் இருந்தால் டனெய்ட். ஒட்டிக்கொண்டு நகராமல் இருப்பது கொட்டலசு. இந்த நான்கு கிண்ணத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும்.

ஐசோபாட் கிண்ணத்தில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது செத்த கொட்டலசின் காலி ஓட்டுக்குள் குடியிருந்த ஒன்று. ஒரு ஓட்டுக்குள் பெரிசும் சிறிசுமாக அடைந்து கிடந்தன. சாம்பல் கலந்த பழுப்பு, ஒரு சென்டிமீட்டருக்குள்தான் நீளம். மயக்கம் தெளியாத ஒன்றைக் கறுப்புத் தாளில் வைத்து விளக்கைச் சாய்த்ததும், முதுகில் குறுக்கு வரிசையாகப் புடைப்புகள் எழுந்து தெரிந்தன. கடைசி வால் தகட்டில் அதே புடைப்புகள் நீளவாக்கில் வரிசை பிடித்திருந்தன. தகட்டின் இரு பக்கமும் துடுப்பு மாதிரி வால்கால்கள். அவற்றில் வெளிப்புறத் துடுப்பின் விளிம்பில் ரம்பப் பற்கள், மழுங்காத, தெளிவான பற்கள். கால் ஏழு ஜோடி. கூடவே கிடந்த பொடிசுகளில் சிலவற்றுக்கு ஆறு ஜோடிதான். அது வேறு இனம் என்று அர்த்தமில்லை. ஐசோபாட் குஞ்சு தாயின் குஞ்சுப் பையிலிருந்து இறங்கும்போது கடைசி ஜோடிக் கால் முளைத்திருக்காது. ஆறு ஜோடி என்றால் குழந்தை, தனியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

புடைப்பு வரிசை, ரம்பத் துடுப்பு, காலி ஓட்டில் குடித்தனம் மூன்றும் ஸ்பீரோமா வாக்கரிக்குப் பொருந்தின. இதே ஸ்பீரோமா பேரினத்தில் மரத்தைத் துளைக்கும் டெரிப்ரான்ஸ் இனமும் உண்டு, அலையாத்தி வேர்களைக் குடைந்து சல்லடையாக்கும். அதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கிடைத்த இடம் ஓடா மரமா என்பதையும் குறித்துவைப்பது நல்லது.

இனி ஆவணம். கலிபோர்னியாவின் சான் டியேகோ விரிகுடாவில் ஸ்பீரோமா வாக்கரி 1973இல் கிடைத்தது. ஃப்ளோரிடாவிலும் மத்தியதரைக் கடலிலும் உண்டு. அங்கெல்லாம் இது வந்தேறிப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு உப்பனாற்றில் இதைக் கண்டவர் 'படையெடுப்பு' என்று எழுதிவிடுவார். ஆனால் இதற்கு முதலில் பெயர் வைத்தது ஸ்டெபிங், 1905இல், இலங்கையில் ஹெர்ட்மன் நடத்திய முத்துச்சிப்பி ஆய்வில் சேகரித்த மாதிரிகளைப் பார்த்து. இந்தியப் பெருங்கடல்தான் இதன் சொந்த ஊர் என்பது பொதுவான கருத்து. அதாவது நம் பக்கத்திலிருந்து கப்பலடியில் தொற்றிக்கொண்டு அமெரிக்கா போன பயல் இது. அங்கே வந்தேறி, இங்கே மண்ணின் மைந்தன்.

படகுத்துறை அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன தம்பி, கூனிய வச்சிக்கிட்டு ராவும் பகலும் எண்ணிக்கிட்டு இருக்க?"

"கூனி இல்லண்ணே, இது அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு."

"நம்ம புள்ளைங்க போறதுதான், இதுவுமா?" என்றார், லென்ஸில் கண்ணை வைத்தபடியே.

இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை எப்படி இவ்வளவு தூரம் போகின்றன என்பதற்கும் அந்தக் குஞ்சுப் பைதான் பதில். இறால், நண்டு, கொட்டலசு எல்லாம் குஞ்சைத் தண்ணீரில் மிதக்கவிடுபவை. ஐசோபாட்டும் ஆம்ஃபிபாட்டும் அப்படியில்லை. முட்டையைத் தாயே வயிற்றடிப் பையில் சுமக்கும், இறங்கும் குஞ்சு பெரிசின் குட்டி வடிவம். மிதந்து கடல் தாண்டும் பருவமே கிடையாது. கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டுமானால் எதையாவது பற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கப்பலின் அடிப்பாசி அதற்குக் கிடைத்த இலவச டிக்கெட். 2017 செப்டம்பர் 8 முதல் அமலில் இருக்கும் கப்பல் நிலைநீர் ஒப்பந்தம், கப்பல் சாயாமல் நிற்கத் தொட்டிகளில் நிரப்பும் தண்ணீரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அடியில் ஒட்டிவருவது அதன் வரம்புக்குள் வராது.

அடுத்தது ஆம்ஃபிபாட்களிலேயே விசித்திரமான கேப்ரெல்லா கூட்டம். தேங்காய்த்திட்டுத் தட்டில் வளர்ந்திருந்த பாசிக்கொத்தில் பின்காலால் பிடித்துக்கொண்டு, முன்னுடம்பை ஆட்டி ஆட்டிக் கும்பிடுபூச்சி போல நின்றன. நூல் உடம்பு. வயிற்றுப் பகுதி என்று சொல்ல மிச்சமே இல்லை, தேய்ந்துபோயிருக்கும். இவற்றில் பெண்ணையும் குஞ்சையும் வைத்துக்கொண்டு பெயர் தேடாதீர்கள், காலம்தான் போகும். கூட்டத்திலேயே பெரிய ஆணை எடுங்கள். முதலில் தலையைப் பாருங்கள், முன்னோக்கி நீட்டிய முள் உண்டா? உண்டு என்றால் கேப்ரெல்லா ஸ்கௌரா பக்கம் போகலாம். பிறகு மூன்றாம் நான்காம் கண்டங்களைப் பாருங்கள். அங்கே ஓவல் செவுள்கள் தொங்கும். கால் இருக்க வேண்டிய அந்த இடத்தில் ஒன்றுமே இல்லையா, அல்லது இரண்டு கணு உள்ள மிகச் சின்னக் குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதா? குச்சி இருந்தால் பாராகேப்ரெல்லா. இதை 40 மடங்கில் செவுளை ஒதுக்கிவிட்டுத்தான் பார்க்க முடியும். இன்சுலின் ஊசி முனையால் ஒதுக்கினேன்.

என் ஆணுக்குத் தலையில் முள் இல்லை, குச்சி இருந்தது. இரண்டாம் கண்டத்தின் அடியில், முன்பக்கமாக, ஒரு முக்கோண முனை துருத்தியது. பாராகேப்ரெல்லா புசில்லா என்றே எழுதினேன். மையர் 1890இல் பிரேசில் மாதிரிகளை வைத்து விவரித்த இனம். இப்போது உலகத்தின் வெப்பக் கடல்களில் பல இடங்களில் இருக்கிறது. அப்படியானால் நம் கரைக்கு இது வேற்றாளா? இங்கேதான் நான் பேனாவை மூடிவிடுவேன். முதலில் விவரித்த இடம் பூர்வீகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யார் முதலில் நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்பதைத்தான் அது சொல்கிறது. 1890க்கு முன்பே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மரக்கப்பல்கள் பிரேசிலுக்கும் இந்தியாவுக்கும் இடையே அடியில் காடு வளர்த்துக்கொண்டு போய்வந்தன. உள்ளூரா வெளியூரா என்று தீர்க்க முடியாத இந்த வகைக்குக் கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் கார்ல்ட்டன் 1996இல் 'கிரிப்டோஜெனிக்' என்று தனிக் கட்டம் போட்டார். என் நோட்டில் அந்தக் கட்டம்தான் சீக்கிரம் நிரம்புகிறது. கேப்ரெல்லா ஸ்கௌராவும் இதே மாதிரி யோசிக்க வைப்பதுதான். டெம்பிள்டன் 1836இல் மொரீஷியஸிலிருந்து விவரித்தார், மத்தியதரைக் கடலில் அது வந்தேறி. நம் கடலில் கிடைத்தால் அந்த முத்திரையை அப்படியே தூக்கி ஒட்ட முடியாது.

கொட்டலசை ஓட்டின் வெளித்தோற்றம் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நம்பாதீர்கள். நெருக்கத்தில் வளர்ந்தால் உயரமாகும், தனியாக வளர்ந்தால் கூம்பாகும். உறுதியான சாட்சி வாயை மூடும் குட்டிக் கதவுகளில் இருக்கிறது. ஸ்கூட்டம், டெர்கம் என்று இரண்டு ஜோடித் தகடுகள். சலவைக்குப் பயன்படுத்தும் ப்ளீச் திரவத்தில் ஊறவைத்தால் சதை கரைந்து தகடு தனியே வரும். வினிகர் வேண்டாம், அது தகட்டையே தின்றுவிடும். டார்வின் எட்டு ஆண்டு கொட்டலசோடு மல்லுக்கட்டி 1851லும் 1854லும் புத்தகம் போட்டது இப்படித் தகடு தகடாகப் பிரித்துப் பார்த்துத்தான்.

என் தட்டில் இரண்டு தினுசு. ஒன்றின் ஓட்டில் ஊதா நிறக் கோடுகள் நெடுக்காக மட்டும் ஓடின, டெர்கத்தின் கீழ்முனை அகலமாக, குட்டையாக இருந்தது. ஆம்ஃபிபலானஸ் ஆம்ஃபிட்ரைட். இன்னொன்றில் குறுக்குக் கோடுகளும் சேர்ந்து வலை பின்னியது போல் இருந்தன, டெர்கம் ஒடுங்கி முனை நீண்டு கூர்மையாக இருந்தது. ஆம்ஃபிபலானஸ் ரெட்டிகுலேட்டஸ். பழைய இந்தியக் கட்டுரைகளில் தேடும்போது முதலாவதை பலானஸ் ஆம்ஃபிட்ரைட் என்ற பெயரிலும் தேடுங்கள், 2004இல்தான் பேரினம் மாறியது. ரெட்டிகுலேட்டஸை உட்டினோமி தனி இனமாகப் பிரித்தது 1967இல். அதற்கு முந்தைய பட்டியல்களில் இரண்டும் ஒரே பெயரில் கலந்திருக்க வாய்ப்புண்டு. 'இந்த இனம் இங்கே புதிதாக வந்திருக்கிறது' என்று அந்தப் பட்டியல்களைக் காட்டி வாதாடுவது வம்பு.

சேற்றுக் குழாய் கட்டி வாழும் பொடி ஆம்ஃபிபாட்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. வாலடிக் கண்டங்கள் மூன்றும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்ததால் மோனோகோரோஃபியம் பேரினம். உலகெங்கும் துறைமுகங்களில் கிடைக்கும் அக்கெருசிகம் இனமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஆணின் இரண்டாம் உணர்கொம்பில் பற்களைச் சரிபார்க்க நல்ல மாதிரி கிடைக்கவில்லை. பேரினத்தோடு நிறுத்திவிட்டேன். டனெய்ட்களைத் தொடவே இல்லை. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் படித்த நண்பர் ஒருவர் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், சீசா அவரிடம் போகும்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவது ஒன்று உண்டு, பாராசெர்சிஸ் ஸ்கல்ப்டா. 1904இல் ஹோம்ஸ் கலிபோர்னியாவிலிருந்து விவரித்த ஐசோபாட், உலகத் துறைமுகங்களில் பரவிக்கொண்டிருப்பது. இதன் பெரிய ஆணைப் பார்த்தால் மறக்க முடியாது. வால்கால்கள் நீண்டு கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும், வால் தகடு செதுக்கிய மாதிரி இருக்கும். தொல்லை என்னவென்றால் ஆண்களில் மூன்று தினுசு. நடுத்தர ஆண் பெண்ணைப் போல இருக்கும், மிகச் சின்ன ஆண் குஞ்சைப் போல இருக்கும், பெரிய ஆணின் குடித்தனத்துக்குள் அந்த வேஷத்தில்தான் நுழையும். அதனால் பெரிய ஆண் ஒன்றாவது கிடைக்காமல் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இதுவரை என் தட்டுகளில் இல்லை.

சீசாவுக்குள் போடும் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பேனா மை ஸ்பிரிட்டில் கரையும். டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். இடம், தேதி, ஆழம், எதன்மேல் கிடைத்தது, யார் எடுத்தது. இனப்பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஐந்தும் இல்லாத சீசா நிபுணருக்கும் உதவாது. படம் எடுக்கும்போது பக்கத்தில் மில்லிமீட்டர் கிராஃப் தாள் துண்டு ஒன்றை வையுங்கள்.

அண்ணன் கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்வி. "பேரு கண்டுபிடிச்சிட்ட, சரி. நான் என்ன பண்ணணும்?" கொட்டலசை ஒழிக்க என்னிடம் மருந்தில்லை. ஆனால் ஒன்று சொன்னேன். சுரண்டிய குப்பையைத் திரும்ப ஆற்றில் தள்ள வேண்டாம். அதில் குஞ்சுப் பையோடு பெண்கள் உயிரோடு இருக்கும், ஒன்று பிழைத்தாலே போதும். கரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுக் கொட்டலாம். வேறு கரையில் படகு வாங்கி ஓட்டிவருபவர்கள் புறப்படுமுன் அங்கேயே சுரண்டிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. தார்ப்பாய் யோசனை அவருக்குப் பிடித்தது, வேறு காரணத்துக்காக: கொட்டலசு ஓடு காலில் குத்தாது. இந்தத் தடைக்காலத்தில் அவர் படகு தார்ப்பாய்மேல்தான் சுரண்டப்பட்டது. குவியலிலிருந்து எனக்கு ஒரு வாளி எடுத்து வைத்திருந்தார். அதில் பாதியை இன்னும் பிரிக்க வேண்டியிருக்கிறது, தட்டுகளை ஐப்பசி மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.